தங்கை பெற்ற அக்கா

அத்தியாயம் பதினாறு

நரைத்த விக்கை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மேக்கப்காரர் வந்து நின்றார். சின்னவள் அதைக் கண்ணாடியில் பார்த்தாள். பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அங்கே அவளுடைய சொந்த அக்காவுக்கு, கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கங்களை இரண்டு பேர் மும்முரமாக மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? அக்காவுக்குத் தங்கை அம்மா!

பதறாதீர்கள், படத்தில்தான். அதுவும் சாதாரணப் படம் இல்லை. கடல் தாண்டி வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் ஒன்றுகூடி எடுக்கிற படம். டைரக்டர் தம்பி இங்கேயே பிறந்தவன். அவன் தமிழில் கல்லும் மண்ணும் கலந்திருக்கும், மரியாதையில் மட்டும் குறை இருக்காது. கதாநாயகன் வேறொரு ஆசிய நாட்டுக் குடும்பத்துப் பையன். இத்தனை காலமும் இங்கே எடுக்கிற படங்களில் கடைக்காரனாகவும் டாக்டராகவும் ரெண்டு நிமிஷம் தலைகாட்டிவிட்டுப் போன முகங்களெல்லாம் இதில் முழுசாக வருகின்றன.

கதாநாயகி மட்டும் பெரிய ஸ்டாராக இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் ஒற்றைக் காலில் நின்றார். அப்படி விமானத்தில் வந்து இறங்கியவள்தான் பெரியவள். அவளுக்கு அம்மாவாக நடிக்க, ஜாடை ஒத்துப்போகிற ஆளாகத் தேடினார்கள். பகலில் பல் மருத்துவமனையில் வரவேற்பறை வேலை, வார இறுதியில் நாடகம் என்று இங்கேயே காலம் தள்ளுகிற தங்கைதான் அகப்பட்டாள். பெரியவளைவிட ரெண்டு வயசு இளையவள். படத்தில் அவளுக்கு எழுபது.

"அக்காவுக்கு அம்மாவா நடிக்கிற பாக்கியம் யாருக்குங்க கிடைக்கும்?" என்றார் மேக்கப்காரர், விக்கைப் பொருத்திக்கொண்டே.

"ஆமா, கொடுத்து வெச்சிருக்கணும்" என்றாள் சின்னவள். பெரியவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

சிரிப்பாளே. நேற்று சாப்பாட்டு மேஜையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டவள் அவள்தானே? "நாளைக்கு ஷாட் முடிஞ்சதும் உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும். வாலுவைப் பத்தி" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். சின்னவள் விடிய விடியக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

வாலுவைப் பற்றிப் பேச அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே விஷயம்தான் இருக்கிறது. ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு அது தெரியும். இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்குக் காதோடு சொல்கிறேன். வாலு என்று வீட்டில் கூப்பிடப்படுகிற அந்தப் பெண்ணைப் பெற்றது பெரியவள். குழந்தை இருப்பது தெரிந்தால் மார்க்கெட் போய்விடும் என்று, கல்யாணமாகிக் கப்பலேறாத குறையாகப் புறப்பட்டுக்கொண்டிருந்த தங்கையின் கையில் கொடுத்துவிட்டாள். சின்னவளும் அவள் புருஷனும் குழந்தையோடு இங்கே வந்தார்கள், எங்கள் பெண் என்றார்கள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது விஷயம் தெரிந்தவர்கள் உலகத்தில் ரெண்டே பேர்.

வாலுவுக்குத் தெரியாது. அவள் இதே படத்தில் ஒலிப்பதிவு உதவியாளர்.

*

"அம்மா, கையைத் தூக்கு!"

செட்டே திரும்பிப் பார்த்தது. கழுத்தில் ஹெட்போன், தோளில் ஒயர் சுருள், வாயில் ஒட்டுநாடாத் துண்டு என்று வாலு ஓடி வந்தாள்.

ஒலிப்பதிவாளரை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு அறை தள்ளி ஒருவன் பிஸ்கட் கடித்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அவர் அங்கிருந்தே கத்தினார். "எத்தனை தடவை சொல்றது? செட்டுல அம்மா, அத்தை, சித்தி எல்லாம் கிடையாது. ஆர்ட்டிஸ்ட்னா மேடம்!"

"சரி சார். மேடம் அம்மா, கையைத் தூக்கு."

"உதை வாங்குவே!"

லைட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். வாலு எதையும் காதில் வாங்கிக்கொள்ளாமல், அம்மாவின் சேலை மடிப்புக்குள் கடுகளவு மைக்கை ஒளித்து ஒட்டினாள். அதன் ஒயரை முதுகுப் பக்கமாகக் கொண்டுபோய், தீப்பெட்டி அளவு மெஷினை இடுப்பில் கட்டினாள். மைக்கில் விழுகிற சத்தத்தை அந்த மெஷின் வாலுவின் ஹெட்போனுக்கு அனுப்பிவிடும்.

"இதை நீ தொடவே கூடாது, சொல்லிட்டேன். மொத நாள் சுவிட்சை நோண்டி ஒரு சீனே சத்தமில்லாம போச்சு. ஆன் பண்றது, ஆஃப் பண்றது எல்லாம் நான்தான்."

"தொடலடி தாயே. உன் மெஷின், நீயே கட்டிக்கோ."

"கண்ணு ஏன் வீங்கியிருக்கு? தூங்கலையா?"

"எழுபது வயசுக்காரி மாதிரி தெரிய வேண்டாமா?"

"பில்டப்பைப் பாரு" என்று அம்மாவின் கன்னத்தில் ஒரு இடி இடித்துவிட்டு வாலு அடுத்த மைக்கோடு பெரியவளிடம் போனாள். அங்கே வால் சுருண்டுகொண்டது. "கொஞ்சம் கையைத் தூக்குங்க மேடம்."

"எனக்கு மட்டும் மேடமா?"

"பெரியம்மான்னா சார் திட்டுவார்."

பெரியவள் அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். "இந்த நெத்தியைப் பாரேன் சின்னு. அப்படியே நான்தான்."

"நம்ம வீட்டு நெத்தி. எனக்கும் அதேதான்" என்றாள் சின்னவள். 

*

பழைய சரக்குக் கிடங்குக்குள் ஒரு சமையலறையைக் கட்டியிருந்தார்கள். குழாயில் தண்ணீர் வராது, அடுப்பில் நெருப்பு வராது. ஆனால் கேமராவில் பார்த்தால் இருபது வருஷம் சமைத்த அறை மாதிரி இருக்கும்.

காட்சி இதுதான்: பிழைப்புத் தேடிக் கடல் தாண்டி வந்த அம்மா, கைக்குழந்தையை உறவுக்காரியிடம் விட்டுவிட்டு வந்தவள். வளர்ந்த மகள் இன்று எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அம்மா மன்னிப்புக் கேட்க வேண்டும். டைரக்டர் தம்பி இதை எழுதியபோது யார் குடும்பத்தையும் மனதில் வைத்து எழுதவில்லை, பாவம். விதி தன்பாட்டுக்கு எழுதிவிட்டது.

"ஆக்‌ஷன்!"

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்தாள். "பெத்தவ நான்தான். வளர்க்கத்தான் துப்பில்லாம போச்சு. நீ வேற ஒருத்தியை அம்மான்னு கூப்பிடறதைப் போன்ல இந்தக் காதால கேட்டுக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு இருந்தேன் பாரு. அதைவிட எனக்கு என்ன தண்டனை வேணும்?"

மனப்பாடம் பண்ணும்போது அது வெறும் வசனமாக இருந்தது. வாயைவிட்டு வெளியே வந்தபோதுதான் அது யார் பேச வேண்டிய வசனம் என்று உறைத்தது.  ஸ்கிரிப்டில் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போக வேண்டும். அவள் எழுந்திருக்கவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"கட்!"

கிடங்கே அதிரும்படி கைதட்டினார்கள். எல்லாக் கைதட்டலும் பெரியவளுக்குத்தான். டைரக்டர் தம்பி ஓடி வந்து, "நீங்க எங்கேயோ போயிட்டீங்க மேடம்" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். சின்னவள் பக்கம் திரும்பி, "நீங்களும் நல்லா சப்போர்ட் பண்ணீங்க" என்றான்.

சப்போர்ட்! பிறந்ததிலிருந்து அவள் செய்கிற வேலை அதுதானே?

ஆனாலும் அவள் மனம் அதில் நிற்கவில்லை. அக்காவுக்கு வலிக்கிறது என்பதை இன்றுதான் கண்ணால் பார்த்தாள். பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

வாலு மைக்கைக் கழற்ற அம்மாவை நோக்கி வந்தாள். பாதி வழியில் காது தடுத்துவிட்டார். "அதெல்லாம் அப்புறம். மொதல்ல ரூம் சவுண்டு. ஹெட்போனைப் போட்டு நீயே கேட்டு எடு."

ஒவ்வொரு அறைக்கும் ஒரு அமைதி உண்டு. யாரும் பேசாதபோது அந்த அறை எப்படி ஒலிக்குமோ அதைக் கொஞ்சநேரம் பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள். வசனத்துக்கு நடுவில் எங்காவது ஓட்டை விழுந்தால் அதைக் கொண்டு அடைப்பார்கள். அதற்காக எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். தும்மக்கூடக் கூடாது. வாலு அம்மாவைப் பார்த்து 'இரு, வரேன்' என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பினாள்.

பெரியவள் தன் மைக்கை உருவி நாற்காலியில் போட்டாள். "வா" என்று தங்கையின் கையைப் பிடித்து மேக்கப் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

*

"ஞாயித்துக்கிழமை பாட்டு வெளியீட்டுல, மேடையில சொல்லிடப்போறேன்."

"என்னத்தை?"

"வாலு என் பொண்ணுன்னு."

சின்னவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "விளையாடறியா?"

"பாட்டுக் கம்பெனிக்காரங்ககிட்ட, மேடையில ஒரு பெரிய ரகசியம் சொல்லப்போறேன்னு மட்டும் சொல்லி வெச்சிருக்கேன். துள்ளிக் குதிக்கிறாங்க."

விஷயம் அந்தப் பாட்டிலிருந்துதான் கிளம்பியது. பாட வேண்டிய பெரிய பாடகி வரத் தாமதமானபோது, சும்மா அளவு பார்க்க ஒரு குரல் வேண்டும் என்று வாலுவைப் பாட வைத்தார்கள். கேட்டுவிட்டு இசையமைப்பாளர் எழுந்து நின்றுவிட்டார். வேறு யாரும் வேண்டாம், இந்தக் குரலே இருக்கட்டும் என்றார். அன்றைக்குச் சின்னவள் வீடு முழுக்கக் கோலாகலம் பண்ணினாள். அதுதான் வினையாகப் போகிறது என்று யார் கண்டார்கள்?

"அம்மா நடிக்கிற படத்துல பொண்ணு பாடறான்னா, அதுவே போதும்டி. நாளைக்கே பத்து படம் அவளைத் தேடி வரும்" என்றாள் பெரியவள்.

"அவளைத் தேடியா, உன்னைத் தேடியா?"

"மெதுவா பேசு. ரூம் சவுண்டு எடுக்கறாங்க."

வெளியே காதின் குரல் கேட்டது. "ஏசியை நிறுத்துங்கப்பா! இன்னொரு தடவை!"

சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். கோபத்தை யாரும் தாழ்த்த முடியாது அல்லவா, அது பல்லுக்கு நடுவில் வந்தது. "அன்னிக்குக் குழந்தை இருக்குன்னா மார்க்கெட் போயிடும்னு துணியில சுத்திக் கொடுத்தே. இன்னிக்குக் குழந்தை இருக்குன்னா மார்க்கெட் வரும்னு திருப்பிக் கேக்கறே. உன் நியாயம் ரொம்ப நல்லா இருக்குக்கா."

"மார்க்கெட்டுக்கு மட்டும்தான்னு நினைக்கிறியா? இப்ப அழுதேனே, கிளிசரின் போட்டா அழுதேன்? ஒவ்வொரு பொறந்தநாளுக்கும் பொம்மை வாங்கி, 'அன்புடன் பெரியம்மா'ன்னு எழுதி அனுப்பினேனே, அந்தக் கை எப்படி நடுங்கியிருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"பொம்மை அனுப்பினே. காய்ச்சல்ல கிடந்தப்ப யார் பக்கத்துல இருந்தா?"

"நீதான். யார் இல்லேன்னா? நீ வளர்த்தே. பெத்தது நான். சட்டம் போட்டு மறைச்சாலும் அந்த நெத்தியை மறைக்க முடியுமா?"

"சைலன்ஸ்! ரோலிங்!" என்றது வெளியே.

ஒரு நிமிஷம் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். அந்த ஒரு நிமிஷம் மட்டும் போதும், எல்லாம் சரியாகப் போயிருக்கும். ஆனால் பெரியவள் கிசுகிசுத்தாள்: "உனக்கென்னடி நஷ்டம்? இத்தனை வருஷம் அம்மான்னு கேட்டு அனுபவிச்சாச்சு. அனாயாசமா ஒரு குழந்தை கிடைச்சுது. சும்மா கிடைச்சுது."

சும்மா கிடைத்ததாம்! சின்னவளுக்குக் கண் இருண்டது. அக்காவைக் குத்த வேண்டும், ஆழமாகக் குத்த வேண்டும். கையில் என்ன அகப்பட்டதோ அதை எடுத்துக் குத்தினாள்.

"வேணும்னு நான் கேட்டேனா? நீதானே என் தலையில கட்டினே! கல்யாணமான கையோட இன்னொருத்தி குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஊர் விட்டு ஊர் வந்தேன். எனக்குன்னு ஒண்ணு பெத்துக்கலாம்னு அவர் கேட்டப்பல்லாம், ரெண்டையும் பக்கத்துல வெச்சா வித்தியாசம் தெரிஞ்சிடும்னு தள்ளித் தள்ளிப் போட்டே என் வயசு போச்சு. உன்னைவிட நான்தான் நல்லா நடிப்பேன்னு ஊரே சொன்னுச்சு, ஞாபகம் இருக்கா? எல்லாத்தையும் இவளுக்காகக் குழியில போட்டு மூடினேன். இவ வராம இருந்திருந்தா நான் எங்கேயோ இருந்திருப்பேன்!"

கிசுகிசுப்பில் சொன்னாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. நாடகத்தில் பழகிய நாக்கு.

அதில் பாதிதான் உண்மை. மிச்சப் பாதி என்னவென்றால், அந்தக் குழந்தை முதல் தடவை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிய ராத்திரியிலேயே அவளுக்கு மேடையும் வேண்டாம், வேறு பிள்ளையும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. மறுபடி அதே குழந்தையை யாராவது கையில் கொடுத்தால், மறுபடியும் எல்லாவற்றையும் குழியில் போட்டு மூடுவாள். அந்தப் பாதியை அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் இந்த அத்தியாயம் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

பெரியவள் தங்கையை நிதானமாகப் பார்த்தாள். "அவ்வளவு பாரமா? அப்ப இறக்கி வெச்சிடு. நான் தூக்கிக்கறேன்."

 சின்னவள் தன் வாயாலேயே தன்னை மாட்டிவைத்துக்கொண்டாள்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

*

வாலு உள்ளே வந்தாள். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. யாருடைய முகத்தையும் பார்க்காமல் நேரே சின்னவளிடம் வந்து நின்றாள்.

"மைக் கழட்டணும். கையைத் தூக்குங்க மேடம்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்க உங்க சார் இல்லடி. யாருக்குப் பயந்து மேடம்?"

வாலு சிரிக்கவில்லை. சேலை மடிப்புக்குள் இருந்த ஒட்டுநாடாவைப் பிய்த்தாள். எப்போதும் தோல் வலிக்காமல் ஊதி ஊதி எடுப்பவள், இன்று வெடுக்கென்று எடுத்தாள். "கொஞ்சம் திரும்புங்க."

அப்போதுதான் சின்னவளின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போனது. மெஷின் சூடாக இருந்தது. முக்கால் உடம்பைத் திருப்பிக் கண்ணாடியில் பார்த்தாள். சேலைக்கு அடியில், அந்த மெஷினில், பொட்டளவு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஆன் பண்றது, ஆஃப் பண்றது எல்லாம் நான்தான் என்று சொன்னவள், ஆஃப் பண்ண வரும்போதுதானே தடுத்துவிட்டார்கள்?

"வாலு..."

வாலு மெஷினை அணைத்தாள். ஒயரை விரலில் சுற்றிச் சுற்றிச் சிக்கில்லாமல் சுருட்டினாள். அவள் விரல்கள் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. சின்னவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

"என்னம்மா, ரூம் சவுண்டு முடிஞ்சுதா?" என்றாள் பெரியவள். அவளுக்கு இன்னும் எதுவும் புரியவில்லை.

"இல்ல மேடம். பேச்சு விழுந்திருச்சு. இன்னொரு தடவை எடுக்கணும். ரெண்டு பேரும் செட்டுல வந்து நின்னா நல்லா இருக்கும்."

இரண்டு பேருக்கும் ஒரே மேடம். பெற்றவளுக்கும் அதுதான், வளர்த்தவளுக்கும் அதுதான். சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

பெரியவளின் முகம் மெல்ல வெளிறியது. "சின்னு... அவளுக்கு எதுலேர்ந்து கேட்டுச்சு?"

"எல்லாம் கேட்டுச்சு" என்றாள் சின்னவள். "உனக்கு மேடை வேண்டாம்கா. நான் இங்கேயே சொல்லிட்டேன்."

அக்காவை விலக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். விக் ஒரு பக்கம் சரிந்திருந்தது. பொய்ச் சமையலறைக்கு அந்தப் பக்கம், ஒலிப்பதிவு வண்டிக்குப் பின்னால் வாலு உட்கார்ந்திருந்தாள். காது அவளிடம் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தார்: "பேச்சு விழுந்ததை அழிச்சிடும்மா. அப்புறம் எடிட்டிங்ல குழப்பமாகும்."

"வேண்டாம் சார். அது இருக்கட்டும்."

"எதுக்கு? குப்பைதானே?"

"எனக்கு வேணும்" என்றாள் வாலு.

காது அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு நிமிர்ந்தார். "எல்லாரும் நின்ன இடத்துல நில்லுங்க! யாரும் அசையக் கூடாது. சைலன்ஸ்!"

லைட்காரர்கள், டீக்காரர், டைரக்டர் தம்பி, மேக்கப் அறை வாசலில் வந்து நின்ற பெரியவள், எல்லோரும் அப்படியே நின்றார்கள். கிடங்கு முழுக்க மூச்சடங்கியது.

சின்னவளுக்கும் வாலுவுக்கும் நடுவில் நாலு எட்டுத்தான். நான் சொன்னது பாதிதாண்டி, மீதியையும் கேட்டுட்டுப் போடி என்று தொண்டை வரைக்கும் வந்து நின்றது. இனிமேல் அடக்கினால் நெஞ்சு வெடித்துவிடும். படம் கெட்டால் கெடட்டும். அவள் வாயைத் திறந்தாள்.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்த வாலு நிமிர்ந்தாள். அம்மாவை நேருக்கு நேராகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, உதட்டின் மேல் விரலை வைத்தாள்.